ஆச்சிமார் பணமும் அடைமானப் பத்திரமும்

1938-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், லேவாதேவிக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த சட்டமாகும். 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் விவசாயி பட்ட கடனில், 1937 அக்டோபர் முதல் தேதி வரையில் நிலுவையாய் நின்ற வட்டி அவ்வளவையும் அது தள்ளிவிட்டது. அசலுக்கு இரட்டிப்பாக ஏற்கனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது என்றும் விதித்தது. இவ்வளவு தாட்சணியமில்லாத அந்தச் சட்டம் நான்காம் பிரிவில் சில கடன்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவற்றுள் ஒன்று படிப்பவரைச் சற்றே நிறுத்தி வைக்கக் கூடியது: 1937 அக்டோபர் முதல் தேதியில் வேறு எந்தச் சொத்தும் இல்லாத ஒரு ஸ்திரீக்கு வரவேண்டிய கடன், அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாதிருக்குமானால், அதை இந்தச் சட்டம் தீண்டாது.

வீடில்லை, நிலமில்லை, கையிலிருப்பதெல்லாம் பிறர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் ஒன்றுதான் என்னும்படியான ஒரு ஸ்திரீயைச் சட்டசபை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு விதி எழுத வேண்டியிருந்ததென்றால், அப்படிப்பட்டவர்கள் மாகாணத்தில் ஏராளமாக இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் அவர்கள் இருந்தார்கள். ஆனால் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவின் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கண்டனூர் முதலிய ஊர்களில் அவர்கள் ஒரு சமூகத்தின் பொருளாதாரத்துக்கே அஸ்திவாரக் கற்களாய் அமைந்திருந்தார்கள். செட்டிநாடு எனப்படும் இந்த வட்டாரத்தின் சரித்திரத்தைச் சொல்பவர்கள் கடல் கடந்து போன ஆடவரைப் பின்தொடர்ந்து போய்விடுகிறார்கள். ஊரிலேயே இருந்து, கடன் கொடுத்தும் கடன் பட்டும் அதைத் தீர்த்தும் வீட்டைக் காத்த ஆச்சிமாரைப் பற்றிய சரித்திரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் விவாகத்தில் இசைகுடிமானம் எழுதிக்கொள்ளுதல் என்று ஒரு சம்பிரதாயம் உண்டு; இரு வீட்டாரும் சம்மதித்து நடக்கும் விவாகம் இது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதோடு, பெண்ணுக்குக் கொடுப்பது இன்னின்னது என்று ஒன்று விடாமல் குறித்துவைக்கும் பட்டியலும் உண்டு. வைரத்திலிருந்து விளக்குமாறு வரையில் எழுதுவார்கள் என்று மற்றவர்கள் பரிகாசமாகச் சொல்வதுண்டு. ஆனால் பெண்ணின் பாத்தியதையை எழுத்தில் வைக்கும் வழக்கம் பரிகாசத்துக்குரியதன்று என்பது என் அபிப்பிராயம். வாய்ச்சொல்லாகச் சீதனம் கொடுத்த எத்தனையோ குடும்பங்களில், பத்து வருஷம் கழித்து எது யாருடையது என்று சொல்வாரில்லை. பாத்திரங்களும் பண்டங்களும் போக, ரொக்கமாகக் கொடுத்த ஸ்ரீதனப் பணம் பெட்டகத்தில் தூங்கவில்லை. நம்பகமான ஒரு விலாசத்தில், அதாவது வட்டிக் கடையில், பெண்ணின் பெயரால் வட்டிக்குப் போடப்பட்டு, அவளோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது. இப்படி வந்து சேர்ந்த தொகைக்குக் கணக்கு வழக்கில் ஆச்சிமார் பணம் என்றே பெயர். கோயில் பணம், தர்மப் பணம், பங்காளிகளின் முதல் என்று பல வாய்க்கால்களின் வழியாகக் கடைக்கு முதல் வந்து சேர்ந்த அந்தக் காலத்தில், அந்த வாய்க்கால்களில் ஒன்று பெண்களின் பணமாயிருந்தது.

வேறு வைத்தல் என்னும் வழக்கமும் இதற்கு அனுகூலமாக இருந்தது. மகனுக்கு விவாகமாகிச் சில காலத்துக்குள் அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பு. இருப்பது ஒரே கூரையின் கீழ், ஒரே வளவைச் சுற்றி, ஆனால் சமையல் தனி, வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் நெல்லும் பணமும் தனி, அதற்குரிய வரவு செலவும் தனி. விதவையான தாய்கூட மகன் வீட்டில் தனியாகப் பொங்கித் தன் படியைத் தானே உண்பாள் என்பதை 1909-இல் தர்ஸ்டன் துரை தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில் வியப்போடு குறித்திருக்கிறார். கூட்டுக் குடும்பம் என்றால் எல்லாம் ஒரே குவியல் என்று எண்ணுகிறவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். இருபது வயதிலேயே ஒரு பெண் தன் பணத்துக்குத் தானே கணக்கு எழுதும் பழக்கம் ஏற்பட்டதற்கு இந்தத் தனி அடுப்பே காரணம். புருஷன் மூன்று வருஷத் தவணைக்கு ரங்கூனுக்கோ, மோல்மீனுக்கோ, பினாங்குக்கோ, கொழும்புக்கோ கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போய்விட்டால், அந்த மூன்று வருஷமும் கணக்கு அவளுடையதே. பிள்ளையார் சுழி போட்டு, மேலே சிவமயம் எழுதி, வரவு ஒரு பக்கம் பற்று ஒரு பக்கமாக, தமிழ் எண்களிலும் அரைக்கால், வீசம், மாகாணி என்ற பின்னங்களிலும் எழுதிவைத்த நோட்டுகளில், மோர்க்காரிக்குக் கொடுத்த அரையணாவும் வைரத்தோட்டின் பேரில் கொடுத்த நூறு ரூபாய்க் கைமாற்றும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும்.

ஆச்சிமார் கொண்டுவந்த ஸ்ரீதனத்தைத் தவிர, சிறுவாடு என்று ஒன்று எப்போதும் உண்டு. கொட்டான் முடைந்தும், வற்றல் வடகம் போட்டும், கொடுத்த படியில் மிச்சம் பிடித்தும் சேர்த்த அந்தச் சிறு முதல், ஊருக்குள்ளேயே நகையின் பேரிலும் ஒத்தியின் பேரிலும் வட்டிக்குப் போகும். பாண்டி நாட்டுச் சீமையில் ஒத்தி இன்றைக்கும் செலாவணியில் உள்ள ஏற்பாடு: ஒரு தொகையைக் கொடுத்து வீட்டையோ வயலையோ சுவாதீனத்தில் எடுத்துக்கொண்டால், வட்டிக்குப் பதில் குடியிருப்பு அல்லது விளைச்சல், தவணை முடிந்ததும் அசலைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாத ஒரு ஸ்திரீ, கையிலுள்ள சொற்பத்தை ஒரு சிறு வீட்டின் மேல் ஒத்திக்குக் கொடுத்துவிட்டு அதிலேயே குடியிருந்தால், வாடகையும் இல்லை, முதலுக்கும் மோசமில்லை. 1938-ஆம் வருஷத்துச் சட்டம் மனத்தில் வைத்திருந்த ஸ்திரீக்கு இவள் நெருங்கிய உறவு.

கடல் கடந்த வட்டித் தொழிலின் அளவை நினைத்துப் பார்த்தால்தான் இந்தச் சிறு தொகைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது விளங்கும். 1929-30-இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டி, அந்த நாட்டில் செட்டியார் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றில் புரளும் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில், தமிழ் மாதந்தோறும் குறித்த நாளில் கடைக்காரர்கள் கூடி வட்டி விகிதத்தை நிர்ணயம் செய்வார்கள். அந்த விகிதத்தையொட்டியே காரைக்குடியில் ஓர் ஆச்சியின் பெயரிலிருந்த தொகைக்கும் வட்டி ஏறும். ஐராவதி டெல்ட்டாவில் ஒரு பர்மியக் குடியானவன் நெல் அறுத்தால்தான் செட்டிநாட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த ஒரு விதவைக்கு வட்டி வரும் என்கிற இந்த நீண்ட சங்கிலி, அது அறுந்த வருஷங்களில்தான் எல்லோருக்கும் கண்ணில் பட்டது.

அதற்கு முன், பெண் கையெழுத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனெனில் கடன் கொடுப்பதற்குப் பணம் போதும், ஆனால் சொத்தை ஈடுகாட்டிக் கடன் வாங்குவதற்குப் பாத்தியதை வேண்டும். ஸ்ரீதனத்தின் மேல் ஸ்திரீக்கே ஆதீனம் என்று சொன்ன தர்ம சாஸ்திரமே, பஞ்சத்திலும், தர்ம காரியத்திலும், நோயிலும், சிறைப்பட்ட நிலையிலும் புருஷன் அதை எடுத்துச் செலவழித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று யாக்ஞவல்கியர் வாயிலாக ஒரு கதவைத் திறந்து வைத்தது. புருஷன் இறந்தபின் அவள் கைக்கு வரும் சொத்தோ அவள் ஜீவிய காலம் வரைக்குமே. அதை விற்கவும் ஈடுவைக்கவும் அவளுக்கு இருந்த அதிகாரம் குறுகியது.

அந்தக் குறுகிய அதிகாரத்துக்கு எல்லை வகுத்தது 1856-இல் பிரிவி கவுன்சில் அளித்த ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கின் தீர்ப்பு. வடநாட்டில், மைனர் மகனின் சொத்தை நிர்வகித்துவந்த ஒரு விதவைத் தாய் அதை அடைமானம் வைத்தாள். அது செல்லுமா என்பது கேள்வி. குடும்பத்துக்கு உண்மையான அவசியம் இருந்ததா என்று கடன் கொடுப்பவன் நேர்மையாக விசாரித்துத் திருப்தியடைந்தால் போதும், கொடுத்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. விதவைகள் எழுதிக் கொடுத்த அடைமானங்களுக்கும் பின்னால் இதே நியாயம் பொருத்தப்பட்டது. இதன் பலன், அதன்பின் நூறு வருஷம் வரையில் இந்தத் தேசத்தில் விதவைகள் எழுதிய பத்திரங்களைப் பார்த்தாலே தெரியும்: புருஷன் பட்ட கடனைத் தீர்க்க வேண்டியிருப்பதாலும், குமாரத்தியின் விவாகத்தை நடத்த வேண்டியிருப்பதாலும், சர்க்கார் தீர்வை பாக்கி நிற்பதாலும் என்று அவசியங்களை வரிசையாக அடுக்கிச் சொன்ன பிறகே தொகை வரும். ஆடவன் எழுதும் அடைமானத்தில் அவன் பெயரும் தகப்பன் பெயரும் சொத்து விவரமும் போதும். பெண் எழுதும் அடைமானத்தில் அவள் குடும்பத்தின் கஷ்டங்கள் அனைத்தும் ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிவாக வேண்டும். கடன் கொடுப்பவன் விசாரிக்கக் கடமைப்பட்டவன் என்பதால், தாயாதிகள் இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்தையும் அவன் கேட்பான். தாயாதி கையெழுத்துக்கு என்ன விலை கேட்பான் என்பது ஊரறிந்த விஷயம்.

சிவகங்கைச் சீமையே இதற்கு ஒரு பெரிய உதாரணம். 1829-இல் கௌரி வல்லபத் தேவர் காலமானபின், ஜமீன் யாருக்கு என்ற வழக்கு ஒரு தலைமுறைக்கு மேல் இழுத்தது. அவருடைய மகள் காட்டம நாச்சியார் கடைசி வரையில் விடாமல் நடத்தி, 1863-இல் பிரிவி கவுன்சிலில் ஜயித்தார். கூட்டுக் குடும்பமானாலும் ஒருவர் தாமே சம்பாதித்த சொத்து அவருடைய மனைவிக்கும் பின் மகளுக்கும் போகும் என்று அந்த வழக்கில் ஏற்பட்ட நியாயம், ஹிந்து சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் நெட்டுருப் போடும் ஒன்று. அடுத்த ஐந்தாவது வருஷத்தில், பக்கத்து ராமநாதபுரம் ஜமீனிலிருந்து போன வழக்கில், புருஷனின் அனுமதி இல்லாவிட்டாலும் சபிண்டர்களான நெருங்கிய உறவினர்களின் சம்மதத்தோடு விதவை சுவீகாரம் செய்துகொள்ளலாம் என்று 1868-இல் தீர்ப்பாயிற்று. பிள்ளை கூட்டிக்கொள்ளுதல் என்று நகரத்தார் சொல்லும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இந்தத் தீர்ப்பு எத்தனை வளவுகளின் தலைவிதியைத் தீர்மானித்திருக்கும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை கூட்டிய மறுநாள் முதல் சொத்து பிள்ளைக்கு, தாய் நிர்வாகி.

இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் நிறைவேறியது 1882-இல். நம் நாட்டில் அடைமானங்களுக்கெல்லாம் மூலமான சொத்து மாற்றுச் சட்டம் வந்ததும் அதே 1882-இல். பின்னதில், வெறும் பத்திரங்களை ஒப்படைத்து மட்டும் கடன் பெறும் வசதி ஒருசில துறைமுகப் பட்டணங்களுக்கே ஆதியில் அளிக்கப்பட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி ஆகியவற்றோடு ரங்கூன், மோல்மீன், பஸ்ஸீன், அக்யாப் என்னும் பர்மியப் பட்டணங்கள் நான்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. செட்டிநாட்டு ஆடவர் அங்கே உட்கார்ந்து பத்திரங்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். காரைக்குடியிலிருந்த அவர்களுடைய ஸ்திரீகளுக்கு அந்த வசதி கிடையாது.

1930-இல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாத பர்மியக் குடியானவர்கள் நிலத்தை விட்டுக் கொடுத்தார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் செட்டியார்கள் வசமிருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர். 1938-இல் அது 24,68,000 ஏக்கர், அதாவது சாகுபடி நிலத்தில் கால்வாசி. இதைச் செல்வம் பெருகியதாக நினைத்தால் தவறு. பணமாக இருந்தது மண்ணாக மாறிவிட்டது; வட்டி கேட்கும் ஆச்சிக்கு மண்ணை வெட்டி அனுப்ப முடியாது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் வழியாகவும் நடந்து வந்தவர்களில் பலர் உடுத்த துணியோடு வந்தார்கள். வந்து சேராதவர்களும் உண்டு. யுத்தம் முடிந்தபின் ஏதோ கிடைக்கும் என்றிருந்த நம்பிக்கையை, சுதந்திர பர்மா 1948-இல் இயற்றிய நில தேசியமயச் சட்டம் தீர்த்துக் கட்டியது. ஆடவர்கள் இதற்குப்பின் வெகுகாலம் நஷ்ட ஈட்டு மனுக்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுப்பை எரியவைக்க வேண்டிய பொறுப்பு மனு எழுதாதவர்களிடம் இருந்தது.

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரையில் நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு மாளிகையின் பேரில் கடன் வாங்கியிருக்கலாமே என்று வெளியார் கேட்பார்கள். பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், ஆத்தங்குடிக் கல்லும் பதித்து லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீடு, ஈடு என்ற வகையில் பெரும்பாலும் உபயோகமற்றது. பாட்டனார் கட்டியது, பேரன்மார் பங்கு. ஒரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு தம்பதிக்கு, ஓர் இரட்டை அறை, வளவும் முகப்பும் பொது. பாகமாகாத பங்கின் மேல் கடன் கொடுக்க எந்த லேவாதேவிக்காரன் வருவான்? வந்தாலும், எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் ஈப்போவில், ஒருவர் சென்னையில், ஒருவர் மைனர். ஆகவே மாளிகையில் வசித்த அந்த ஸ்திரீக்கு உண்மையான ஈடாக இருந்தது அவள் கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான். கழுத்திருவும், வைரத்தோடும், வெள்ளிப் பாத்திரமும் அடகுக்குப் போயின. சில மீண்டன, பல மீளவில்லை. அப்படி வந்த பணத்தில் மகனின் கடைக்கடன் அடைந்தது, மகளின் விவாகம் நடந்தது, வீட்டின் பங்கை வெளியாருக்குப் போகாமல் பங்காளியிடமிருந்து மீட்டதும் நடந்தது. மீட்டபோது எழுதிய பத்திரம் யார் பெயரில்? பெரும்பாலும் புருஷன் பெயரில், அல்லது மகன் பெயரில். நகை கொடுத்தவள் பெயர் வர வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றியிருக்காது. நகைகளும் தீர்ந்தபின் கதவும் நிலையும் தூணும் விலைக்குப் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் கிண்ணங்களையும் மரத்தூண்களையும் விலை பேசுகிறவர்கள், தாங்கள் கையில் எடுத்துப் பார்ப்பது ஒரு காலத்தில் யாரோ ஒருத்தியின் சீர்ப் பட்டியலில் ஒரு வரியாக இருந்திருக்கலாம் என்பதை நினைப்பதில்லை.

சட்டம் மெதுவாக வந்தது. 1937-ஆம் வருஷத்துச் சட்டம் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. ஆனால் ஜீவிய காலத்துக்கு மட்டும். விவசாய நிலத்துக்கு அது பொருந்தும்படி சென்னை மாகாணம் 1947-இல்தான் செய்தது. 1956-இல் வந்த ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஸ்திரீயிடமுள்ள சொத்து அவளுக்கு முழுச் சொத்தே என்று சொல்லி, அவசியங்களை அடுக்கி எழுதும் அந்தப் பத்திர நடைக்கு முடிவு கட்டியது. 1989-இல் தமிழ்நாடு செய்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், அவ்வருஷம் மார்ச் 25-ஆம் தேதிக்கு முன் விவாகம் ஆகாத மகளுக்குப் பூர்விகச் சொத்தில் பிறப்பால் உரிமை என்றது. மணமாகாதவள் என்பதால் ஒரு பெண் அதிகமாகப் பெற்றது இந்தத் தேசத்தில் அபூர்வமாக நடந்த காரியம். 2005-இல் மத்திய சட்டம் அந்த வித்தியாசத்தையும் நீக்கியது. இவ்வளவுக்கும் பிறகு, சீர் கொடுத்தாயிற்று என்ற பேச்சோடு சகோதரிகளிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கும் வழக்கம் நின்றபாடில்லை.

ஆகவே, பெண் ஒருத்தி தன் பெயரில் வீடு வேண்டுமென்றால், பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் நம்பாமல் வேறு வழி தேட வேண்டியிருந்தது. அந்த வழிக்கு வேண்டிய இரண்டு பொருள்கள், மாதச் சம்பளமும் பாங்கியும், காரைக்குடிக்குச் சற்று முன்னதாகவே வந்தன. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே சமயத்தில் கதவைத் திறந்தது. 1947-இல் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கினார். அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். வட்டியில் வாழ்ந்த ஊர் சம்பளத்தில் வாழக் கற்றுக்கொண்டது அப்போதுதான். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக 1969-இல் சென்னையில் ஏற்பட்ட ரெப்கோ வங்கி, 2000-இல் வீட்டுக் கடனுக்கென்றே ஒரு கிளை ஸ்தாபனத்தைத் தொடங்கியதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பர்மா பறித்துக்கொண்ட வீட்டுக்குப் பதிலாக இதுவாவது வந்தது.

தனியாக வாழும் பெண்ணுக்குக் கடன் கொடுப்பதில் மேல்நாடுகள் நம்மைவிட வெகுவாக முந்திவிட்டன என்று நினைக்க வேண்டாம். பெண் என்பதற்காகக் கடனை மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் செய்தது 1974-இல்; பிரிட்டன் 1975-இல். அதற்கு முன் நல்ல சம்பளக்காரிகளிடமே தகப்பனையோ சகோதரனையோ ஜாமீன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பாங்கிகள் சட்டப்படி மறுப்பதில்லை. கூட்டு விண்ணப்பதாரர் யார் என்று மட்டும் கேட்கிறார்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சரியாயிருந்தும் அந்த ஒரு கேள்வியில் நிற்கும் பெண்கள் உண்டு.

கடன் கிடைத்த பிறகு அதன் போக்கு எப்படியென்று ஒரு கணக்குப் பார்க்கலாம். செட்டிநாட்டைப் பற்றி எழுதும்போது வட்டிக் கணக்கு இல்லாமல் முடிக்கக் கூடாது. 20 லட்ச ரூபாய், வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டரை, 20 வருஷத் தவணை என்றால் மாதம் 17,356 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத்தில் வட்டிக்கே 14,167 ரூபாய் போய்விடும்; அசலில் குறைவது 3,189 மட்டும். பாதிக் காலம் கழிந்தபின்னும் அசலில் பாதி கழிந்திராது. 240 மாதம் முடிகையில் கட்டிய மொத்தம் 41 லட்சத்து 65 ஆயிரத்துக்குச் சற்று மேலே. சம்பளம் ஒன்றே வருமானம், பிரசவ விடுப்போ நோயோ வேலை மாற்றமோ வந்தால் தாங்கிக்கொள்ள வேறு வருமானமில்லை என்ற நிலையில் இதைச் சுமக்கிற பெண், ஆரம்ப வருஷங்களில் கையில் மிஞ்சும் ஒவ்வொரு தொகையையும் அசலுக்குச் செலுத்திவிடுவதே புத்திசாலித்தனம். மிதக்கும் வட்டி விகிதத்தில் தனி நபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை. பழைய ஆச்சிமார் பரம்பரையில் வந்தவர்களுக்கு இதை யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதியும் 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைத்திருக்கிறது. நல்ல காரியம்; ஆனால் இன்றைய மனை விலையில் 10 லட்சத்துக்குள் அடங்கும் வீடு எங்கே இருக்கிறது என்று காரைக்குடியில் வீடு தேடும் ஓர் ஆசிரியையிடம் கேட்டால், அவள் சிரிப்பாள். சலுகைக்காகப் பெண் பெயரில் பதிந்துவிட்டு, சாவியையும் தீர்மானத்தையும் ஆடவர்களே வைத்துக்கொள்வதும் நடக்கக் கூடியதே. அவள் பணத்தில் அவன் பெயர் என்ற பழைய முறையைத் திருப்பிப் போட்டு, அவன் தீர்மானத்தில் அவள் பெயர் என்று ஆக்கினால் லாபம் அரசாங்கக் கட்டணத்தில் மட்டுமே.

தன் சம்பளத்தில், தன் கையெழுத்தில், தன் பெயரில் கடன் பட்டு, அதைத் தானே தீர்த்து, பத்திரத்தைப் பாங்கியிலிருந்து வாங்கி வரும் பெண்ணை இன்று நாம் புதுமையாகப் பார்க்கிறோம். கடன் தீர்க்கும் சாமர்த்தியம் செட்டிநாட்டுப் பெண்களிடம் ஒரு நூற்றாண்டாக இருந்தது; பத்திரத்தில் பெயர்தான் இல்லை. பத்திரத்தில் பெயரில்லாதவர்களின் சரித்திரத்தைப் பத்திரங்களைக் கொண்டு எழுத முடியாது. அது அவர்கள் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டுகளிலும், சீர்ப் பட்டியல்களிலும், அடகு மீட்ட ரசீதுகளிலும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா பிறர் தூக்கி எறிந்த திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும்கூடச் சேர்த்துவைத்தார். அவர் காலமான பின் அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றிருக்கிறது. காரைக்குடி வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் வளவுகளைத் திறந்து சுத்தம் செய்கிறவர்கள், பரணில் அப்பத்தாவின் கையெழுத்தில் ஒரு பழைய கணக்கு நோட்டுக் கிடைத்தால், தயவுசெய்து அதைப் பழைய காகிதக் கடைக்குப் போடாமல் அத்தகைய நூலகம் ஒன்றுக்கு அனுப்பி வையுங்கள்.